கம்பிக்கு அடியில் ஒரு சுழி

என் அப்பா நாற்பத்தோரு வருடம் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்து கொடுத்தார். ஆனால் சாத்திய கதவு என்றாலே அவருக்கு ஆகாது. எங்கள் வீட்டுக் கதவைப் பகலில் சாத்தினால், "யாரு வந்து எதைத் தூக்கிட்டுப் போகப் போறான், இந்த அலுமினியத் தட்டையா?" என்பார்.

"தட்டு போனா போகட்டும். உங்களைத் தூக்கிட்டுப் போயிட்டா?" என்பாள் அம்மா.

"என்னைத் தூக்கினவன் மறுநாளே கொண்டு வந்து விட்டுடுவான். சாப்பாடு போட்டுக் கட்டுப்படி ஆகாது."

அப்படிச் சாப்பிடுகிற மனிதர், ஆனால் உடம்பில் ஒட்டாது. உயரம், ஒல்லி, நீண்ட கழுத்து. பட்டறையில் எல்லோரும் அவரைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். உருவத்துக்காக மட்டும் வைத்த பெயர் இல்லை அது. லீவு நாள் வந்தால் தண்ணீர்க் கரையைத் தேடிப் போய் நின்றுவிடுவாராம்.

பட்டறை ஒரு பெயிண்ட் கடைக்குப் பின்னால் இருந்தது. தகரக் கூரை. வெயில் நாளில் உள்ளே நுழைந்தால் அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். அப்பா ஒரு சின்ன மரப்பலகையில் குந்தியிருப்பார். இடது கையில் முகமூடி, வலது கையில் வெல்டிங் ராடு. நான் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டு போகும்போதெல்லாம், "சுவரைப் பாரு பாப்பா, இங்க பார்க்காதே" என்பார். நான் திரும்பிச் சுவரைப் பார்ப்பேன். பின்னால் நீல வெளிச்சம் வெடிக்க, அவர் நிழல் சுவரில் எம்பி எம்பிக் குதிக்கும். யோசித்தால், என் அப்பா வேலை செய்ததை நான் பார்த்ததே இல்லை. அவர் நிழல் வேலை செய்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

அவர் கையெல்லாம் பொட்டுப் பொட்டாகச் சுட்ட தழும்பு இருக்கும். சட்டையெல்லாம் பொடி ஓட்டை. "உங்கப்பா சட்டையில டீ வடிகட்டலாம்" என்று அம்மா சொல்வாள். ஒரு தரம் நிஜமாகவே வடிகட்டிக் கொடுத்தாள். அப்பா குடித்துவிட்டு, "கொஞ்சம் இரும்பு ருசி தூக்கலா இருக்கு" என்றார்.

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு கம்பிகளை ஒட்டி முடிக்கிற இடத்தில் சட்டென்று ராடை எடுத்துவிட மாட்டார். ஒரு நெல்மணி அளவு பின்னால் வந்து, ஒரு சுழி சுழித்துவிட்டுத்தான் எடுப்பார். அப்படியே எடுத்துவிட்டால் முடிகிற இடத்தில் குழி விழும், நாளாக நாளாக அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும் என்பார். மேல் பக்கத்தை மெஷின் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவார். அடிப்பக்கம் மட்டும் அந்தச் சுழி அப்படியே இருக்கும். பட்டறையில் அதற்குக் கொக்குச் சுழி என்றே பெயர். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியும் அவர் செய்ததுதான். சின்ன வயதில் கட்டிலில் படுத்துக்கொண்டு, கம்பிக்கு அடியில் விரலை விட்டு அந்தச் சுழிகளைத் தடவிக்கொண்டே தூங்கிப் போவேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் சின்ன நத்தை மாதிரி இருக்கும்.

வாரத்தில் ஆறு நாள் இப்படி. ஏழாவது நாள் ஏரி.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் அப்பா எழுந்து எங்கள் போர்வையை உருவிவிடுவார். "கிளம்புங்க, கிளம்புங்க, கதவு இல்லாத வீட்டுக்குப் போவோம்." அம்மா ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டுவாள். அண்ணன் தண்ணீர்க் குடுவையைத் தூக்குவான். நான் தலைவலித் தைலப் புட்டியைத் தூக்குவேன். எனக்குக் கனம் தர மாட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். இரண்டாவது பஸ் மேட்டில் ஏறுகிற பஸ். அதன் படி என் இடுப்பு உயரம் இருக்கும். இறங்கி அரை மணி நேரம் கல்லும் வேருமாக ஒரு பாதை. அதன் முடிவில் ஏரி. ஒரு பக்கம் நாணல், ஒரு பக்கம் பாறை. நடுவில் கண்ணுக்கு எட்டின மட்டும் தண்ணீர்.

கரையில் ஒரு தட்டைப் பாறை உண்டு. அதில் அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு மல்லாந்து படுப்பார். ஆறு நாள் நெருப்பில் வெந்த உடம்பு அது. படுத்துக்கொண்டு, "காத்து வருது பாரு, தண்ணியைத் தொட்டுட்டு வருது" என்பார். எனக்கு எல்லாக் காற்றும் ஒன்றுதான். அவருக்கு அப்படி இல்லை. நாணல் பக்கமிருந்து வருவது ஒன்று, பாறைப் பக்கமிருந்து வருவது ஒன்று. அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முட்டையை உரிப்பாள். அண்ணன் கல்லை எறிவான். யாரும் பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். ஆனால் என் வாழ்நாளில் கடவுள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் என்று நான் நினைப்பது அந்தப் பாறையில்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன், வீட்டைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அப்பாவுக்கு அதில் கடைசி வரை வருத்தம். அண்ணன் படித்து வேறு ஊருக்குப் போனான். எனக்குக் கல்யாணமாகிப் பல வருடம் வேறு ஊரில் இருந்தேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். போனால் பத்து நாள், பதினைந்து நாள் வர மாட்டார். குழந்தையும் இல்லாததால், தனியாக எதற்கு என்று அப்பா வீட்டு மாடி அறைக்கே வந்துவிட்டோம். சட்டைக் கம்பெனியில் பட்டன் வைக்கிற வேலைக்குப் போனேன். அப்பாவுக்குக் கண் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

வெல்டிங் வெளிச்சத்தால் இல்லை, கண்ணுக்குள்ளே அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். ஓரத்திலிருந்து இருட்டு வந்தது. கடைசியில் ஒரு சாவித் துவாரம் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார் அப்பா. பிறகு அந்தத் துவாரமும் அடைபட்டது. அறுபத்தொன்பது வயது. இதயமும் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

பட்டறையை விட்டதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் படிக்க முடியாததற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பாப்பா, ஒரு நாள் என்னை ஏரிக்குக் கூட்டிட்டுப் போறியா?"

கூட்டிப் போனேன். முதல் பஸ் ஏறிவிட்டார். இரண்டாவது பஸ்ஸின் படியில் கால் வைத்தவர் தடுமாறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு தெரிகிற மாதிரி கிழித்துக்கொண்டார். அப்படியே ஆஸ்பத்திரி. டாக்டர் திட்டினார். அண்ணன் போனில் திட்டினான். "கண்ணு தெரியாத மனுஷனை மேட்டு பஸ்ஸுல ஏத்துறியே, உனக்கு மூளை இருக்கா?" கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னிடம், "படி உசரம் கூட்டியிருக்கான் போல" என்றார். தப்பைப் படி மேல் போட்டார்.

கால் ஆற ஒரு மாதம் ஆனது. ஆறின ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, சட்டை போட்டு, ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்கவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு நான் அடுப்படியில் நின்று அழுதேன். அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம பார்க்குல ஒரு குளம் இருக்குல்ல. அங்க கூட்டிட்டுப் போயி இதுதான் ஏரின்னு சொல்லு. தண்ணி தண்ணிதானே."

"பொய் சொல்லச் சொல்றியாம்மா?"

"நீ சாமி கும்பிடறவ, பொய் சொன்னா உனக்குச் சேரும். நான் சொல்லச் சொன்னேன், பாவம் எனக்குச் சேரட்டும். போ."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. பார்க் எங்கள் தெருவிலிருந்து பதினைந்து நிமிட நடை. ஏரி அவ்வளவு பக்கத்தில் இருக்க முடியுமா? அதனால் நான் அவரை ஊரைச் சுற்றி வருகிற பஸ்ஸில் ஏற்றினேன். முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, பார்க்கின் பின்வாசல் பக்கம் இறங்கினால் கணக்குச் சரியாக இருக்கும். இரண்டாவது வாரமே கண்டக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நல்ல மனிதர். நான் ஒன்றும் கேட்காமலே, எங்கள் நிறுத்தம் வந்ததும், "ஏரி, ஏரி, ஏரிக்கு இறங்குறவங்க எல்லாம் எறங்குங்க" என்று சத்தம் போட்டார். இறங்கியது நாங்கள் இரண்டு பேர்தான்.

அப்பா படியில் நின்று, "இந்த வண்டி எப்போலேருந்துப்பா ஏரிக்குப் போகுது?" என்று கேட்டார்.

"போன மாசத்துலேருந்து ஐயா."

"நல்ல காரியம். மேடே தெரியல."

"புது ரோடு போட்டுட்டாங்க ஐயா."

"ரோடு போட்டவன் நல்லா இருக்கணும்" என்றார் அப்பா.

குளத்தைச் சுற்றி இடுப்பு உயரத்துக்குப் பச்சைக் கம்பி வேலி. அதை ஒட்டி சிமெண்ட் பெஞ்ச். முதல் நாள் அவரை அதில் உட்கார வைத்தேன். அவர் மூக்கை உயர்த்திக் கொஞ்ச நேரம் காற்றை மோந்து பார்த்தார். பிறகு கையை நீட்டினார். கம்பியில் பட்டது. மேலே தடவினார், பிறகு அடியில் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. அடுத்த இணைப்புக்குப் போனது, அங்கேயும் நின்றது.

"ஏரியில கம்பி எப்போ போட்டாங்க பாப்பா?"

ஏரியில் ஏது வேலி? "புதுசுப்பா. பசங்க தண்ணியில விழுந்துடறாங்கன்னு இப்பதான் போட்டாங்க" என்றேன்.

"புதுசா?"

"ஆமாப்பா."

"நல்லா போட்டிருக்கான்" என்றார். அவ்வளவுதான். கையைக் கம்பியிலிருந்து எடுக்கவே இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போனோம். ஐந்து மாதம். குளத்துக்கு அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் ஆடுகிற ஊஞ்சல் ஒன்று இருந்தது. க்ரீச், க்ரீச் என்று கத்தும். ஒரு நாள் அப்பா, "அது என்ன சத்தம்?" என்றார்.

"ஏதோ பறவைப்பா."

அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "அந்தப் பறவைக்குக் கொஞ்சம் எண்ணெய் போடணும்" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். நான் எதற்குச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியும். அவர் எதற்குச் சிரித்தார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஏரியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருப்பார். "இந்நேரம் நாணல் எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், பாரு." நான் குளத்தின் ஓரத்தில் கிடக்கிற காலி பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "ஆமாப்பா, சாஞ்சிருக்கு" என்பேன். "பாறை மேல வெயில் ஏறியிருக்குமே." "ஏறிடுச்சுப்பா." வீட்டுக்கு வந்ததும் சாமி படத்துக்கு முன்னால் நின்று, இன்றைக்கு இத்தனை பொய் சொன்னேன், மன்னித்துவிடு என்பேன். மழை விட்டதும் எப்படியாவது நிஜமான ஏரிக்குக் கூட்டிப் போகிறேன், அங்கே வைத்து எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன் என்று கடவுளிடம் வாக்குக் கொடுத்தேன். அவருடைய இதயத்தைப் பற்றி டாக்டர் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. நாள் அதிகம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தள்ளிப் போட்டேன்.

அதைச் செய்ய ஒரு நாள் வந்தது. கடவுளே கொண்டு வந்து என் கையில் வைத்த நாள். அதை நான் தட்டிவிட்டேன். இதை எழுதுவதே அதற்காகத்தான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரர் லாரியோடு வந்தார். மறுநாள் லோடு இல்லை. அப்பாவும் அம்மாவும் கூடத்தில் இருந்தார்கள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் காலை நீட்டி உட்கார்ந்து, "மாமா, நாளைக்கு வண்டி சும்மாதான் நிக்குது. உங்களை ஏரிக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? அந்தப் பக்கமா மண் பாதை ஒண்ணு இருக்கு, பாறை வரைக்கும் வண்டி போகும். நான் தூக்கி ஏத்தி உட்கார வெச்சுடறேன், மகாராஜா மாதிரி போயிட்டு வரலாம்" என்றார்.

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். சின்னப் பிள்ளைக்கு விளக்கு ஏற்றிக் காட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. உதடு பிரிந்தது.

எனக்கு ஒரே பயம். நிஜ ஏரிக்குப் போனால் அந்தக் காற்றே காட்டிக் கொடுத்துவிடும். கம்பி எங்கே என்று கையால் தேடுவார். ஐந்து மாதமாக இந்தப் பெண் நம்மைக் குளத்தடியில் உட்கார வைத்து ஏமாற்றியிருக்கிறாளே என்று நினைப்பாரே. அதுவும் என் வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போது. அவரிடம் இந்தக் குளத்துக் கதையை நான் சொன்னதே இல்லை. ஒரு பொய்யைக் காப்பாற்ற என் வாய் முந்திக்கொண்டது.

"அவருக்கு எதுக்குங்க இப்போ? வாரா வாரம் நாங்க போயிட்டுத்தான் இருக்கோம்."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வாரா வாரம் அந்த மேட்டு பஸ்ஸுலயா? அதுல நானே ஏற மாட்டேனே. எப்படி ஏத்துற நீ?"

மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். அப்போது அப்பா பேசினார்.

"புது ரோடு போட்டு, புது பஸ் விட்டிருக்கான் மாப்பிள்ளை. நேரா கரையில கொண்டு போயி விடறான். நான் வாரா வாரம் பார்த்துட்டுத்தான் இருக்கேன். நீங்க பத்து நாள் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கீங்க, நாளைக்கு நல்லா தூங்குங்க."

"நிஜமாவா மாமா?"

"நிஜமா. எனக்கு அது போதும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. கடவுளே காப்பாற்றினார் என்று நினைத்தேன். என்ன மூளை அது.

மறுநாள் வழக்கம்போல் சுற்று பஸ்ஸில் போனோம். அடுத்த ஞாயிறும் போனோம். அந்த இரண்டாவது ஞாயிறு திடீரென்று மழை வந்தது. குடையை விரித்தேன். "எழுந்திருங்கப்பா, போகலாம்" என்றேன். "கொஞ்சம் இரு. ஏரியில மழை பெய்யறதை நீ பார்த்ததே இல்ல. தண்ணி மேல ஆயிரம் ஆணியை ஒரே நேரத்துல நட்டு வெச்ச மாதிரி இருக்கும். தெரியுதா?" என்றார்.

பார்த்தேன். அந்தச் சின்னக் குளத்திலும் அப்படித்தான் இருந்தது. "தெரியுதுப்பா" என்றேன். அத்தனை மாதத்தில் நான் சொன்ன ஒரே உண்மை.

அதைச் சொன்னதும் மனசு தாங்கவில்லை. "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"ரொட்டி தீந்துபோச்சுன்னுதானே? பரவாயில்ல, வீட்டுல போயி சாப்பிட்டுக்கலாம்."

"அது இல்லப்பா..."

"பாப்பா, கையைப் பிடி. வழுக்கும்." எழுந்து நின்று கையை நீட்டினார். பிடித்தேன். வீடு வரைக்கும் விடவில்லை.

புதன்கிழமை காலை பதினொரு மணி. நான் கம்பெனியில் நீலச் சட்டைக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அம்மா வந்து என் மெஷினை அவரே நிறுத்தினார். அவர் யாருடைய மெஷினையும் நிறுத்துகிறவர் இல்லை. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியில், உட்கார்ந்தபடியே போயிருந்தார். அம்மா டீ போடப் போய்த் திரும்புவதற்குள். அவர் கை ஜன்னல் கம்பியில் இருந்தது. கதவு திறந்தே இருந்தது.

எல்லாம் முடிந்து எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, பட்டறையிலிருந்து ஃபிட்டர் சித்தப்பா வந்தார். அப்பாவோடு முப்பது வருடம் வேலை பார்த்தவர். உடம்பு முடியாமல் மகள் வீட்டில் இருந்ததால் அப்போதுதான் வர முடிந்தது. நாற்காலியைப் பார்த்தார், அதில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். அம்மா உள்ளே படுத்திருந்தாள்.

"பார்க் பெஞ்சில உன்னையும் எங்க கொக்கு அண்ணனையும் நான் ரெண்டு மூணு தரம் பார்த்தேம்மா" என்றார். "கூப்பிடலாம்னு நினைச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுப்பானேன்னு போயிட்டேன்."

"வந்திருக்கலாமே சித்தப்பா."

"கம்பியைத் தடவிட்டே உட்கார்ந்திருந்தாரு. தடவ மாட்டாரா பின்ன? அந்தக் குளத்து வேலி பூரா அண்ணன் போட்டதுதானே. மொத்தம் பதினாறு நாள் வேலை. நான்தான் கம்பி வெட்டிக் கொடுத்தேன். வெயிலு மண்டையைப் பிளக்குது, இவரு என்னன்னா, 'தண்ணிக்குப் பக்கத்துல வேலை கிடைச்சதே, கொடுத்து வெச்சிருக்கணும்டா'ங்கறாரு. கொக்கு இல்லையா."

நான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"எப்போ சித்தப்பா?"

"ஆச்சு, பத்தொன்பது வருஷம். நீ கல்யாணமாகி வெளியூர்ல இருந்தே. உனக்குச் சொல்லலையா? அவரு எங்க சொல்லப் போறாரு, செஞ்ச வேலையைப் பத்திப் பேசவே மாட்டாரு."

அவர் போனதும் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பார்க்குக்கு ஓடினேன். எங்கள் பெஞ்ச் காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கம்பிக்கு அடியில் விரலை விட்டேன். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கு உள்ளே இருந்தது, ஒரு சின்ன நத்தை. அடுத்த இணைப்பில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இன்னொன்று. பிறந்ததிலிருந்து நான் தடவித் தூங்கிய சுழி. ஐந்து மாதம் அந்தக் கம்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஒரு தரம்கூட அடியில் கை வைத்துப் பார்க்கவில்லை. அவர் முதல் நாளே, முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துகொண்டுவிட்டார். தன் கையெழுத்தைத் தடவிக்கொண்டுதான் "புதுசா?" என்று கேட்டிருக்கிறார். நானும் ஆமாம் என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "முதல் நாள் வந்ததுமே சொன்னாரு. 'என்னை என் வேலிகிட்டயே உட்கார வெச்சுட்டு ஏரிங்கறா'ன்னு ஒரே சிரிப்பு. அப்புறம் அழுதாரு. பாப்பாகிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"ஏம்மா? சொல்லியிருந்தா..."

"சொன்னா நீ வெட்கப்பட்டுப் போறதையே நிறுத்திடுவியாம். வாரத்துல ஒரு நாள் உன் கையைப் பிடிச்சிட்டு நடக்கறாரே, அது போயிடுமாம். ஏரி எங்கடி போகப் போகுது, ஏரியை நான் வேணும்ங்கற மட்டும் பார்த்தாச்சு, பொண்ணுதான் எனக்கு இப்போ வேணும்னாரு."

அதோடு அம்மா நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் கேட்டுவிட்டேன். லாரி வந்த அன்றைக்கு நீயாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"திறக்கத்தான் வந்தேன்" என்றாள் அம்மா. "உங்கப்பா என் கையைப் பிடிச்சு அழுத்தினாரு. நீ துணி மடிச்சிட்டிருந்தே, பார்க்கல. அப்புறமாக் கேட்டேன், ஆசையா இருந்துச்சே, போயிட்டு வந்திருக்கலாமேன்னு. 'மாப்பிள்ளை முன்னாடி அவ தலை குனியக் கூடாது'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் அவர் பார்க்கச் சொன்ன மாதிரி. பின்னால் அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இந்த ஐந்து மாதமும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் அடுத்த தரம் வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். தலை குனிந்துதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ரொம்ப நேரம் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்ற வைக்காமல் இருந்தார். பிறகு, "கிளம்பு. அத்தையையும் எழுப்பு" என்றார்.

லாரியில் போனோம். பாறை வரைக்கும் வண்டி போனது. அவர் சொன்னது சரிதான். அம்மாவை அவர் தூக்கித்தான் இறக்கினார். "விடுங்க, விடுங்க, யாராவது பார்க்கப் போறாங்க" என்றாள் அம்மா. பார்க்க அங்கே யாரும் இல்லை. நாணல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாறை மேல் வெயில் ஏறியிருந்தது. குளத்தடியில் உட்கார்ந்துகொண்டு அவர் கண் தெரியாமல் சொன்னதெல்லாம் அந்தந்த இடத்தில் அப்படி அப்படியே இருந்தது. காற்று வந்தது. தண்ணீரைத் தொட்டுவிட்டு வருகிற காற்று எது என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

கையை முன்னால் நீட்டிப் பார்த்தேன். கம்பி இல்லை, ஒன்றும் இல்லை.

"அப்பா, இதுதான் ஏரி" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சொல்லிவிட்டு, அந்தத் தட்டைப் பாறையில் உட்கார்ந்தேன். அம்மா மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரு பாப்பா" என்றாள். "அது அவர் படுக்கிற இடம்."

தள்ளி உட்கார்ந்தேன்.